மர அறையில் தொங்கும் விரிசல் கிடார்

நம் கிடார் பட்டறையின் மர அறைக்கு, பலகை தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும், முன்பு அங்கே அதே வேலை பார்த்த அமலி எழுதுவது. கதவுக்கு எதிர்ச் சுவரில், முதுகு பிளந்த ஒரு கிடார் ஆணியில் தொங்குகிறதே, அதை மாட்டியவள் நான்தான். போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். "அக்கா, வெளிநாட்டுப் பார்ட்டி பட்டறையைப் பாக்க வாராங்களாம். சுவரு லட்சணமா இருக்கணுமாம். அந்த ஒடஞ்ச கிடாரைக் கழட்டிரச் சொல்றாங்க, கழட்டிரவா?" என்று கேட்டார். கழட்டாதே என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை, போனில் சொல்லி முடிகிற காரணமும் இல்லை. அதனால்தான் கன்னிவாடியில் என் வீட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு புரளியைத் தீர்த்துவிடுகிறேன். பலகையை விரலால் ஒரு தட்டுத் தட்டினாலே அது எந்த நாட்டு மரம், எத்தனை வயது என்று நான் சொல்லிவிடுவேன் என்று அங்கே ஒரு பேச்சு இருக்கிறதாம். சுத்தப் பொய். தட்டினால் கணீரென்று நீண்டு கேட்கிறதா, தொப்பென்று அடங்கிப்போகிறதா என்பது தெரியும், அவ்வளவுதான். அதை ஆறு மாதத்தில் நீங்களும் பிடித்துக்கொள்வீர்கள். ரேகை பார்ப்பது, மோந்து பார்ப்பது, எடை பார்ப்பது எல்லாமே கைப்பழக்கம். எனக்குக் கைவரப் பல வருடம் ஆனது வேறு ஒன்று. பலகையைக் கொண்டுவந்தவர் எதிரிலேயே நிற்க, அவர் முகத்தைப் பார்த்து "இது வேண்டாம்" என்று சொல்லும் பழக்கம். அது எனக்கு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

நம் பட்டறையின் வழக்கம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கிடாரின் பெட்டியை மூடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு தாள் ஒட்டுவோம். அதில் மரத்தின் பெயரை மரம் தேர்ந்தவர் தன் கையால் எழுத வேண்டும். அதற்குக் கீழே தன் பெயரையும் எழுத வேண்டும். பெரிய முதலாளி ஆரம்பித்து வைத்தது இது. "அச்சடிச்ச லேபிளை எவனும் ஒட்டலாம். கையால எழுதுனா ஒருத்தர் பதில் சொல்லணும்ல" என்பார். நடு ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் அந்த எழுத்து தெரியும். சுவரில் தொங்கும் அந்தக் கிடாருக்குள்ளும் எட்டிப் பாருங்கள். "ஆப்பிரிக்க மஹோகனி. அமலி" என்று என் சின்ன வயதுக் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும்.

அது நான் மர அறைக்கு வந்த மூன்றாம் வருடம். மலைமேல் ஒரு மாதா கோவிலில் பாடற்குழு நடத்திய உபதேசியார் ஒருவர் தனக்கென்று ஒரு கிடார் கேட்டிருந்தார். முதுகுக்கு மஹோகனி தேடினேன். ஒரு பலகை என்னை மயக்கிவிட்டது. மணலில் மழைத்தண்ணீர் ஓடின தடம் போல ரேகை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லேசாக ஈரம் இருந்தது, எனக்கு அது தெரியும். தெரிந்தே என்ன நினைத்தேன் என்றால், கிடார் போகிற இடம் கொடைக்கானல், அங்கே வருடம் முழுக்கப் பனியும் மழையும், காய்ந்த மரம் போனால்தான் ஊதிக்கொள்ளும், கொஞ்சம் ஈரம் இருந்தால் அந்தக் காற்றுக்கு இதமாக இருக்கும் என்று. மலைக்கு ஒரு கணக்கு, தரைக்கு ஒரு கணக்கு. மலையடிவாரத்து ஊரில் பட்டறை வைத்திருக்கிற நமக்கு மட்டுமே தோன்றக்கூடிய புத்திசாலித்தனம் அது. பெருமையோடு பெயரை எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து உபதேசியாரை வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். தகரக் கூரை போட்ட கோவில். பங்குனி வெயிலில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, முதுகு படாரென்று பிளந்துவிட்டது. கிடாரைத் துண்டில் சுற்றி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் ஈரத்தை ஒப்புக்கொண்டேன், மலையைப் பற்றி நினைத்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை.

"ஏம்மா, எனக்கு மாத்தல் வரும்னு உனக்குத் தெரியாது. சரிதான். ஆனா வரவே வராதுன்னு மட்டும் எப்பிடிம்மா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பெரிய முதலாளி அவருக்குப் புதுக் கிடார் செய்து கொடுத்தார். பிளந்ததை அடுப்புக்குப் போடச் சொன்னார். நான்தான் ஆணி அடித்து, தினமும் கதவைத் திறந்ததும் என் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு என் வாய் திறந்துகொண்டது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர், துணியில் பொதிந்து ஒரு கருப்புப் பலகை கொண்டு வந்தார். "ஏனுங்க, இது ஆப்பிரிக்கா கருங்காலிங்க. பையன் அங்கிருந்து பெட்டிக்குள்ள வெச்சுக் கொண்டாந்தானுங்க. பேத்திக்குக் கிடார் செய்யோணும், இதையத்தான் விரல் வைக்கிற பலகையாப் போடோணுமுங்க" என்றார். ஈரத்துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். துணி கருப்பாகிவிட்டது, பலகை வெளுத்துவிட்டது. அவ்வளவு தூரம் கொண்டு வந்தவர், தங்கமான மனிதர், பையனை ஏமாற்றியிருக்கிறார்கள். பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டு நம் கருங்காலியைப் போட்டுக் கொடுத்திருந்தால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். நான் துணியை அவரிடமே கொடுத்தேன். அதை மடித்துக்கொண்டே, "பையன்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் பேத்தியின் கிடாருக்குள் எந்த மரமோ அதைத்தான் எழுதினேன்.

இதெல்லாம் ஒத்திகை. நிஜமான சோதனை, பெரிய முதலாளி காலமாகி, அவர் மகன் பொறுப்புக்கு வந்த பிறகு வந்தது. அவரைச் சின்னவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மலைமேல் ஒரு உறைவிடப் பள்ளி, பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து கிடார் கேட்டது. வெளிநாட்டு மரத்தில்தான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டது. அதற்கு முன் அத்தனை பெரிய ஆர்டர் நமக்கு வந்ததில்லை. சின்னவர் ஒரு ஏஜென்டைப் பிடித்தார். மேல்பலகைக்கு ஸ்புரூஸ் என்கிற வெள்ளை மரமும் முதுகுக்கு மஹோகனியும் தூத்துக்குடி வழியாக வந்து சேர்ந்தன. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது.

ஸ்புரூஸ் அருமை. மஹோகனியும் கண்ணுக்கு அருமை. நன்றாகக் காய்ந்தது என்று ஏஜென்ட் ஒரு காகிதம் நீட்டினார். ஈரம் பார்க்கும் மீட்டரின் ஊசியைப் பதித்துப் பார்த்தேன், அதுவும் காகிதம் சொன்னதையே சொன்னது. எனக்கும் சந்தேகம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சந்தேகம் வந்தது லாரியிலிருந்து இறக்கியவருக்கு. வத்தலக்குண்டுக்காரர், நம் பட்டறைக்குப் பல காலமாகச் சுமை இறக்குகிறவர். இரண்டாவது கட்டை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"யக்கா, இதே அளவுக் கட்டு ஆடியில எறக்குனேன்ல. அதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம். இது அழுத்துது. உள்ளுக்க என்னமோ இருக்கு பாத்துக்க."

மீட்டர் வைத்திருக்கிறவள் நான், காகிதம் வைத்திருக்கிறவர் ஏஜென்ட், இவரிடம் இருப்பது ஒரு தோள். ஆனால் அந்தத் தோள் அந்தப் பலகைகளைச் சுமந்தது, நாங்கள் இரண்டு பேரும் சுமக்கவில்லை. ரம்பத்தை எடுத்து ஒரு பலகையை நட்டநடுவில் குறுக்கே அறுத்தேன். புது வெட்டின் நடுப்பாகத்தில் மீட்டர் ஊசியைக் குத்தினேன். முள் எகிறிப் போய் நின்றது. அவசரமாகச் சூளையில் காயவைத்த மரம். மேல்தோல் காய்ந்து இறுகிவிட்டது, தண்ணீர் உள்ளே மாட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு பலகை அறுத்தேன், அவையும் அப்படித்தான்.

ரம்பச் சத்தம் கேட்டுச் சின்னவர் ஓடி வந்தார், கூடவே ஏஜென்ட்.

"என்னக்கா காரியம் பண்ணிட்டீங்க? முழுப் பலகையை நடுவுலயா அறுப்பாங்க?"

"ஓரத்துல அறுத்தா ஓரத்து ஈரந்தான் சார் தெரியும். கையை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஏஜென்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே நடுவில் புகுந்தார்.

"மலைக்குத்தான சார் போகுது? அங்க எப்பவும் பனியும் மழையும்தான். காஞ்ச மரத்தைக் கொண்டு போனாத்தான் ஊதும். இது அந்தக் காத்துக்கு எதமா இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அது என்னுடைய பேச்சு. உபதேசியாரின் கிடாருக்கு நான் சொல்லிக்கொண்ட அதே சமாதானம், வார்த்தை மாறாமல் வேறொருவர் வாயிலிருந்து வருகிறது. அந்தக் கிடாரும் அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் தொங்குகிறது. அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல், பாதி என்மேலேயே.

"பள்ளிக்கூடத்துக்கு லீவு விட மாட்டாகளா?" என்று கேட்டேன். "லீவு விட்டா பிள்ளைக எங்க போகும்? மதுரைக்கும் மெட்ராசுக்கும் நம்ம திண்டுக்கல்லுக்கும்தான எறங்கி வரும்? கிடாரை விட்டுட்டா வரும்? மே மாசம் மொட்டை மாடி ரூமுல சாத்தி வச்சிருக்கும். அன்னைக்கு வெடிக்கும் சார், முப்பத்தஞ்சும்."

"சரி, என்ன செய்யணும்ங்கறீங்க?" என்றார் சின்னவர். குரல் கடுத்துவிட்டது.

"ஒரு வருசம் காயணும். இல்லேன்னா பின்னால சிறுமலைப் பலா அடுக்கியிருக்கு. உங்க அப்பா வாங்கிப் போட்டது, ஒன்பது வருசமாக் காயுது. முதுகுக்கு அதைப் போட்டுச் செய்வோம்."

"வெளிநாட்டு மரம்னு கேட்டவங்களுக்குப் பலாவா?" என்றார். பிறகு அவரே, "சாயம் குடுத்து மஹோகனின்னு போட்டுருவோம். எவன் பாக்கப் போறான்?" என்றார்.

"உள்ள எழுதுறது நான் சார். பலான்னா பலான்னுதான் எழுதுவேன்."

"அப்ப இந்த மஹோகனியிலயே செய்வோம். அது மஹோகனிதான? பொய் இல்லையே? எழுதுங்க."

"ஈரம்னும் சேத்து எழுதவா?"

பட்டறையில் மற்ற மேசைகளில் இருந்த எல்லோரும் வேலை செய்கிற மாதிரி குனிந்துகொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்கள். சின்னவர் கையை நீட்டினார். "பேனாவைக் குடுங்க. நீங்க நாளையில இருந்து பேக்கிங்குக்குப் போங்க."

பெரிய முதலாளி அந்த வழக்கத்துக்காகவே வாங்கி வைத்த கருப்பு மைப் பேனா அது. வீட்டில் அந்த வருடம் என் சம்பளம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது, வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் நீட்டும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"பேனாவை எடுத்துக்கங்க. பேரைத் தர மாட்டேன். இதுல ஒண்ணுக்குள்ள என் பேரு இருந்தாலும், நானே பஸ் ஏறிப் போயி அந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு வருவேன்."

சின்னவர் பாலிஷ் மேஸ்திரியைக் கூப்பிட்டார். அவர் வந்து, தாளில் அழகாக "ஆப்பிரிக்க மஹோகனி" என்று எழுதினார். கீழே பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. "எனக்கு மரம் தெரியாது சார், பாலிஷ்தான் தெரியும்" என்று தாளை வைத்துவிட்டார். கழுத்துப் பலகை செதுக்குகிறவரைக் கூப்பிட்டார். அவர் அறுபட்ட பலகையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எம்பேரு வேணாம் சார்" என்று போய்விட்டார். அவர்கள் எனக்காக அப்படிச் செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களில் ஒருவருக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது. அவரவர் பெயர் அவரவருக்கு.

"நீங்கதான மரம் தேந்து குடுத்தீங்க, நீங்களே எழுதுங்க" என்று சின்னவர் ஏஜென்டிடம் பேனாவை நீட்டினார். ஏஜென்டுக்கு அந்த நேரம் பார்த்து போனில் ஏதோ அவசரம் வந்துவிட்டது. பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்ப உள்ளே வரவில்லை. சுமைக்காரர் வாசலில் நின்று இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் சத்தமாகவே சிரித்தார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர், சின்னவருடையது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, முன்னறைக்குப் போய்ப் பள்ளிக்கு போன் போட்டார். மரம் ஈரமாக வந்துவிட்டது, ஒரு வருடம் பொறுக்க வேண்டும், அல்லது உள்ளூர்ப் பலாவில் செய்து தருகிறோம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. என் பெயரை அவர் எடுக்கவில்லை.

இதற்குப் பிறகு பள்ளி நம்மை மெச்சிக் கடிதம் எழுதியது என்று எதிர்பார்த்தீர்களானால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பலாவில் பதினைந்து போதும் என்று சொல்லிவிட்டு மீதியை வேறெங்கோ வாங்கிக்கொண்டார்கள். நான் மறுநாள் பேக்கிங்குக்குப் போனேன். அட்டைப்பெட்டி மடித்தேன், தெர்மாகோல் அடைத்தேன். இரண்டு பேர் என்னோடு டீ குடிக்க வருவதையே நிறுத்திக்கொண்டார்கள், என்னால் பட்டறைக்கு நஷ்டம் என்று. பதினைந்து கிடார்களின் பெட்டிகளையும் மூடுவதற்கு முந்தின நாள் சின்னவர் பேக்கிங் மேசைக்கு வந்து, தாள்களையும் பேனாவையும் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதுங்க" என்றார். "சிறுமலைப் பலா. அமலி" என்று பதினைந்து தடவை எழுதினேன். எழுதி முடித்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஐப்பசியில் அந்த மஹோகனி காய்ந்து முடிந்தது. பாதிக்கு மேல் முறுக்குப் பிழிந்த மாதிரி திருகிக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் காலை நான் பேக்கிங் மேசைக்குப் போனபோது அங்கே பேனா இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு, "தேறுவதைப் பொறுக்கித் தரவும்" என்று. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு மர அறைக்குப் போனேன். ஓய்வு பெறும் வரை அந்த அறையிலிருந்து என்னை யாரும் நகர்த்தவில்லை.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, வெளிநாட்டு மரத்தை நம் ஊர் பலா ஜெயித்துவிட்டது என்று சிலர் மார்தட்டுவார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். அதே பலா அடுக்கில் நான்கு பலகையைப் புழு அரித்திருந்தது, அதையும் நான்தான் ஒதுக்கினேன். திருகாமல் தேறிய மஹோகனியில் செய்த கிடார்களைப் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. கப்பலில் வந்தால் உயர்த்தியும் இல்லை, மலையில் விளைந்தால் உயர்த்தியும் இல்லை. பலகையை அறுத்துப் பாருங்கள், சுமந்தவரைக் கேளுங்கள். உங்கள் பெயரை அதற்குக் கீழே எழுத முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் யார் கேட்டாலும் எழுதாதீர்கள். பேக்கிங் மேசையில் உட்கார்ந்தால் உயிர் போய்விடாது, நான் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி சுவர் விஷயம். வருகிற பார்ட்டி அந்தக் கிடாரைப் பார்த்து முகம் சுளிக்கும் என்கிறார்கள். சுளிக்கட்டும். என்ன என்று கேட்டால், அமலி என்று ஒருத்தி ஈர மரம் என்று தெரிந்தே பெயர் போட்ட கிடார் என்று நேராகச் சொல்லுங்கள், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. அப்படியும் கழட்டியே ஆக வேண்டும் என்று மேலிருந்து யாராவது நின்றால், சண்டை போட வேண்டாம். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளையும் அந்தக் கருப்பு மைப் பேனாவையும் எடுத்து அவரிடம் நீட்டுங்கள். "கழட்டுன்னு எழுதி, கீழ உங்க பேரைப் போட்டுக் குடுங்க சார்" என்று கேளுங்கள்.

யாராவது எழுதிக் கொடுத்தால், கழட்டி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கன்னிவாடி பஸ் ஏறி என்னிடம் கொண்டு வாருங்கள். என் வீட்டுக் கதவுக்கு எதிர்ச் சுவரில் நேற்றே ஆணி அடித்துவிட்டேன்.